ஃபிக்ஸ்சர் போடும் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

பெங்களூருவிலிருந்து வந்த கேள்விகளில், போட்டி அட்டவணை பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஏரியாவில் 7 கால்பந்து அணிகள் சேர்ந்து ஞாயிறு லீக் நடத்துகிறோம். ஒரே மைதானம். காலை 7 மணி முதல் 9.30 வரைதான் கிடைக்கும். போன வருடம் கையால் ஃபிக்ஸ்சர் போட்டோம். இரண்டு அணிகள் கடைசிவரை மோதவே இல்லை. இன்னொரு அணிக்கு நாலு ஆட்டம் கடைசி ஸ்லாட்டிலேயே விழுந்து, வெயிலில் வாடிப்போனார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் சரியாகப் போட வழி உண்டா?
— வாசகர், ஆஸ்டின் டவுன்

உண்டு. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். 7 அணிகள் என்றால் 7 × 6 ÷ 2 = 21 ஆட்டம். வாரத்துக்கு 3 ஆட்டம், ஒரு அணிக்கு ஓய்வு, 7 வாரத்தில் முடியும். உங்களிடம் இருப்பது 150 நிமிடம். பாதிக்கு 20 நிமிடம், இடைவேளை 5, அடுத்த அணிகள் இறங்க 5 என்று ஆட்டத்துக்கு 50 நிமிடம் வைத்தால் கச்சிதமாக அடங்கும்.

குலுக்கல் போட்டு அணிகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். எந்த இரண்டு அணி எந்த வாரம் மோதும் என்பதற்கு விதி இதுதான்: இரண்டு எண்களையும் கூட்டுங்கள், 7-ஆல் வகுங்கள், மீதிதான் வாரத்தின் எண். மீதி 0 வந்தால் 7-ஆம் வாரம். 3-ஆம் அணியும் 6-ஆம் அணியும் என்றால் 9, மீதி 2, ஆக இரண்டாம் வாரம். தன் எண்ணைத் தன்னோடு கூட்டினால் எந்த வாரம் வருகிறதோ அந்த வாரம் அந்த அணிக்கு ஓய்வு. 4-ஆம் அணிக்கு 4 + 4 = 8, மீதி 1, முதல் வாரம் ஓய்வு.

வெயில் பிரச்சினைக்கும் இதே எண்களில் விடை இருக்கிறது. 1 முதல் 7 வரை வட்டமாக எழுதுங்கள். 7-க்குப் பக்கத்தில் 1 வரும். மோதும் இரண்டு எண்களும் வட்டத்தில் அடுத்தடுத்து இருந்தால் முதல் ஸ்லாட், இரண்டு தள்ளி இருந்தால் இரண்டாவது, மூன்று தள்ளி இருந்தால் மூன்றாவது. (எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கம் எண்ணவும்.) ஒவ்வொரு வாரமும் மூன்று தூரமும் ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சரியாக 2 ஆட்டம் கிடைக்கும். முழு அட்டவணை, ஸ்லாட் வரிசைப்படி:

1-ஆம் வாரம்: 1–7, 3–5, 2–6 (ஓய்வு 4)
2-ஆம் வாரம்: 4–5, 2–7, 3–6 (ஓய்வு 1)
3-ஆம் வாரம்: 1–2, 4–6, 3–7 (ஓய்வு 5)
4-ஆம் வாரம்: 5–6, 1–3, 4–7 (ஓய்வு 2)
5-ஆம் வாரம்: 2–3, 5–7, 1–4 (ஓய்வு 6)
6-ஆம் வாரம்: 6–7, 2–4, 1–5 (ஓய்வு 3)
7-ஆம் வாரம்: 3–4, 1–6, 2–5 (ஓய்வு 7)

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஏறக்குறைய எல்லா அணியும் 4-ஆம் அணியோடு மோதிய மறுவாரமே 5-ஆம் அணியோடு மோதும். 4-ஆம் அணி முரட்டு ஆட்டம் ஆடுகிற அணியாக இருந்துவிட்டால், அங்கே அடிபட்டுக் காலை நொண்டிக்கொண்டு வருகிற எதிராளிகள் சீசன் முழுக்க 5-ஆம் அணிக்குத்தான் கிடைப்பார்கள். 5-க்கு யோகம். மாற்று எளிது: ஆட்டங்களைத் தொடாமல் வாரங்களின் வரிசையை மட்டும் கலைத்துவிடுங்கள். 1, 3, 2, 6, 4, 5, 7 என்ற வரிசையில் நடத்தினால் இந்த ‘பின்னாலேயே வருவது’ பல அணிகளுக்குப் பிரிந்துபோகும். ஸ்லாட் சமநிலை கெடாது.

அடுத்த வருடம் 8-ஆவது அணி சேர்ந்தாலும் அட்டவணையை மாற்ற வேண்டாம். அந்தந்த வாரம் ஓய்வில் இருக்கும் அணியோடு 8-ஆம் அணி மோதட்டும். நாலாவது ஸ்லாட் மட்டும் தேவைப்படும். அதை 8-ஆம் அணியின் தலையிலேயே கட்டாமல் வாரா வாரம் இடம் மாற்றுங்கள். 9 அணியா? 7-க்குப் பதில் 9-ஆல் வகுங்கள். எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் இந்த விதி செல்லும்.

லீக் பாதியில் ஒரு அணி விலகிவிட்டது. அதனிடம் ஏற்கெனவே தோற்ற அணி, ‘அந்த ஆட்டத்தை ரத்து செய்’ என்கிறது. ஜெயித்த அணி கூடாது என்கிறது. யார் சொல்வது நியாயம்?
— வாசகர், கௌதமபுரம்

இரண்டு பேருக்குமே நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை லீக் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். சதுரங்க ரவுண்ட் ராபின் (எல்லோரும் எல்லோரோடும் மோதும்) போட்டிகளில் நடைமுறையில் உள்ள அளவுகோல் கால்பந்துக்கும் பொருந்தும்: விலகிய அணி தன் ஆட்டங்களில் பாதிகூட ஆடவில்லை என்றால் அதன் முடிவுகள் எல்லாம் புள்ளிப் பட்டியலிலிருந்து நீங்கும். பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் ஆடியவை நிற்கும், மிச்சமெல்லாம் எதிரணிக்கு வாக்-ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. வாக்-ஓவருக்கு 3–0 என்று கோல் கணக்கும் போடுவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். கோல் வித்தியாசத்தில்தான் சண்டை வரும்.

இந்த வருடத்துக்கு விதி எழுதவில்லை என்றால், விலகிய அணியோடு இன்னும் மோதாத அணிகளின் கேப்டன்களைச் சேர்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒருநாள் பேட்மின்டன் போட்டி. ஆண்கள் ஒற்றையரில் 22 பேர், இரட்டையரில் 12 ஜோடி, கலப்பு இரட்டையரில் 9 ஜோடி. எல்லாம் நாக்-அவுட், 2 கோர்ட். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்குள் முடிப்பதாகப் போன முறை நோட்டீஸ் போட்டு, இரவு 11 மணிக்குக் கோப்பை கொடுத்தோம். எங்கே தப்பு?
— வாசகி, ஒயிட்ஃபீல்டு

நீங்கள் கோர்ட்டை எண்ணினீர்கள், ஆளை எண்ணவில்லை.

கோர்ட் கணக்கு சரிதான். நாக்-அவுட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஒருவரை வெளியேற்றும், ஆகவே மொத்த ஆட்டம் எப்போதும் எண்ணிக்கையில் ஒன்று குறைவு: 21 + 11 + 8 = 40. 15 புள்ளி, மூன்றுக்கு இரண்டு கேம் என்றால் வார்ம்-அப்போடு சராசரி 25 நிமிடம் வைக்கலாம். 40 × 25 = 1,000 நிமிடம், இரண்டு கோர்ட்டுக்கு 500. மாலை 4.20-க்கு முடிய வேண்டும்.

இப்போது மூன்று பிரிவிலும் பெயர் கொடுத்து, மூன்றிலும் ஃபைனல் வரை போகிற ஒருவரைப் பாருங்கள். ஒற்றையர் 5 சுற்று, இரட்டையர் 4, கலப்பு 4. பை (முதல் சுற்றில் எதிராளி இல்லாமல், ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) கிடைக்காவிட்டால் 13 ஆட்டம். ஆட்டங்களுக்கு இடையே 20 நிமிடம் மூச்சு வாங்க விட்டால் 13 × 25 + 12 × 20 = 565 நிமிடம். 2 கோர்ட்டுக்குப் பதில் 10 கோர்ட் இருந்தாலும் இது ஒரு நிமிடம்கூடக் குறையாது. பை கிடைத்தவருக்கு 10 ஆட்டம் வரும், அதுவே 430 நிமிடம். அவருடைய ஜோடிகளும் எதிராளிகளும் வேறு பிரிவில் ஆடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காக இவர் காத்திருக்க வேண்டும். கடைசியில் மூன்று ஃபைனலும் மிச்சம், மூன்றிலும் அதே ஆள் என்றால், 25 + 20 + 25 + 20 + 25 என்று கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒரு கோர்ட் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.

முதல் மருந்து, ஒருவருக்கு இரண்டு பிரிவு மட்டும் என்று விண்ணப்பத்திலேயே போடுவது. மனஸ்தாபம் வரும், ஆனால் நேரம் மிஞ்சும். அடுத்து, அதிகச் சுற்று உள்ள பிரிவை முதலில் தொடங்குங்கள். உங்களுக்கு அது ஒற்றையர். குழந்தைகளை முதலில் முடித்துவிடலாம், கலப்பு ஆட்டம் கலகலப்பாக இருக்கும் என்று சுற்று குறைந்ததை முன்னால் தள்ளினால் நீளமான சங்கிலி கடைசியில் தொங்கும். மூன்றாவதாக, எல்லா ஃபைனலையும் பரிசளிப்புக்கு முன் வரிசையாக வைக்கும் ஆசையை விடுங்கள். கலப்பு ஃபைனல் மதியமே முடியட்டும்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடிகார நேரம் அச்சடிக்க வேண்டாம். ஒரு ஆட்டம் 45 நிமிடம் இழுத்தால் மொத்தத் தாளும் பொய்யாகிவிடும். அதற்குப் பதில் கோர்ட் காலியாகும்போது யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு விதி வையுங்கள். நாலு பேரும் (அல்லது இரண்டு பேரும்) வந்து 20 நிமிடம் ஓய்வும் எடுத்துவிட்ட ஆட்டங்களை மட்டும் பாருங்கள். அவற்றில், ஃபைனலுக்கு இன்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று எண்ணி, அதிகம் மிச்சமுள்ளதை முதலில் இறக்குங்கள். சமமாக இருந்தால் அதிக நேரம் காத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. ஒரு வெள்ளைப் பலகை, ஒரு கூகுள் ஷீட், கறாராகக் கூப்பிட ஒரு ஆள் இருந்தால் போதும். தொழிற்சாலைகளில் எந்திரங்களுக்கு வேலை பங்கிடும் மென்பொருள்கள் பலவும் இதே விதியில்தான் ஓடுகின்றன.

11 கபடி அணிகள், நாக்-அவுட். பை யாருக்குக் கொடுப்பது, எந்தச் சுற்றில் கொடுப்பது?
— வாசகர், சிவாஜி நகர்

முதல் சுற்றில் மட்டும். 11-க்கு மேலே உள்ள இரட்டிப்பு எண் (2, 4, 8, 16…) 16. 16 − 11 = 5 பை. அணிகளைப் பலத்தின்படி 1 முதல் 11 வரை வரிசைப்படுத்துங்கள். முதல் சுற்றில் மோதுபவர்களின் எண் கூட்டினால் 17 வர வேண்டும்: 6–11, 7–10, 8–9. 1 முதல் 5 வரைக்கு எதிராளியே இல்லை, அதுதான் பை. அடுத்த சுற்றில் கூட்டுத்தொகை 9: 1-ஆம் அணி 8–9-இல் வென்றவரோடு, 2 என்பது 7–10-இல் வென்றவரோடு, 3 என்பது 6–11-இல் வென்றவரோடு, 4 என்பது 5-ஓடு. பலம் குறைந்த அணி ஜெயித்தால் தோற்றவரின் எண்ணை அது வாங்கிக்கொள்ளும். 11, 6, 3, 2 என்று போகப் போக ஒற்றைப்படை வரும்போதெல்லாம் பை கொடுத்துச் சமாளித்தால், அரையிறுதி நேரத்தில் ஒரு அணி ஆடாமலே ஃபைனலுக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.

என் மகன் பள்ளி அளவிலான செஸ் போட்டியில் 6 சுற்றில் 4.5 புள்ளி எடுத்தான். 11-ஆம் இடம். அதே 4.5 எடுத்த வேறொரு பையனுக்கு 5-ஆம் இடம், கோப்பை. ‘கம்ப்யூட்டர் போட்டது’ என்கிறார்கள். கம்ப்யூட்டர் எதை வைத்துப் போட்டது?
— வாசகி, விவேக் நகர்

பெரும்பாலும் ‘புகோல்ஸ்’ கணக்கை வைத்து. உங்கள் மகனோடு மோதிய ஆறு பேரும் போட்டி முடிவில் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் வருவது அவனுடைய புகோல்ஸ். எதிராளிகள் நன்றாக ஆடியிருந்தால் உங்கள் புள்ளிக்கு மதிப்பு அதிகம் என்பது அதன் தத்துவம். சில போட்டிகளில் மிகக் குறைந்த ஒரு எதிராளியின் புள்ளியைக் கழித்துவிட்டுக் கூட்டுவார்கள். புள்ளி சமமானால் எந்தக் கணக்கு (சமன்முறிவு) எந்த வரிசையில் என்பது போட்டி அறிவிப்பில் அச்சாகியிருக்க வேண்டும். அடுத்த முறை பணம் கட்டும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் மகன் ஆடியது போன்ற போட்டிக்குப் பெயர் ஸ்விஸ் முறை. 1895-இல் ஜூரிக்கில் முதலில் பயன்பட்டது. யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமப் புள்ளி வைத்திருப்பவர்கள் மோதுவார்கள். ஒரே புள்ளிக் குழுவுக்குள் ரேட்டிங்படி வரிசைப்படுத்தி, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு இணைப்பார்கள். 64 பேர் என்றால் முதல் சுற்றில் 1-க்கு 33, 2-க்கு 34. 6 சுற்று என்பதும் காரணமில்லாமல் இல்லை: 64-ஐ ஆறு முறை பாதியாக்கினால் 1. எல்லாவற்றையும் ஜெயித்தவர் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது.

முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு அப்புறம் வரிசையாக ஜெயிக்கும் பிள்ளைக்குக் கீழ் வரிசை எதிராளிகளே கிடைப்பார்கள், புகோல்ஸ் இளைக்கும். கடைசியில் தோற்ற பிள்ளை அதுவரை பலசாலிகளோடு மோதியிருப்பான். உங்கள் மகன் ஆரம்பத்தில் சறுக்கினானா என்று பாருங்கள். விடை அங்கே இருக்கலாம்.

கம்ப்யூட்டர் ஏன் என்றால், ஜோடி சேர்ப்பதில் கட்டுப்பாடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் 2-ஐத் தாண்டக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை ஒரே நிறம் கூடாது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒற்றைப்படையில் வந்தால் பை கீழ்க்கோடியில் ஒருவருக்கு, அதுவும் ஒருவருக்கு ஒருமுறைதான். கையால் போடும்போது மேலே எல்லாம் அழகாக அமையும், கடைசி நாலு பேரில் வந்து முட்டும். அப்போது மேலே போட்டதைப் பிரித்து மறுபடி போட வேண்டும். 1965-இல் ஜாக் எட்மண்ட்ஸ் இந்த ‘எல்லோருக்கும் சேர்த்து ஜோடி பொருத்தும்’ கணக்கைத் திறமையாகத் தீர்க்க வழி கண்டார். ஜோடி போடும் நிரல்கள் சில இன்றும் அந்தக் குடும்பத்து வழிமுறையைத்தான் பயன்படுத்துகின்றன.

மெஷின் தப்பு செய்வது அரிது. முடிவை உள்ளிடுபவர் செய்வார். 14-ஆம் போர்டில் கறுப்பு ஜெயித்ததை வெள்ளை என்று அடித்துவிட்டு அடுத்த சுற்று தொடங்கிவிட்டால், அந்தச் சுற்றின் ஜோடிகள் தவறான புள்ளியில் அமைந்துவிடும். பிறகு புள்ளியைத் திருத்தலாம். ஆடி முடித்த ஜோடியைத் திருத்த முடியாது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார்களா, அடுத்த சுற்றுக்கு முன் சுவரில் ஒட்டும் பட்டியலில் தன் புள்ளி சரியா என்று மகன் பார்க்கிறானா, இந்த இரண்டையும் பழக்குங்கள்.

மே மாதம் சாயங்காலம் 8 ஓவர் டென்னிஸ் பந்து போட்டி. மழை வந்து கெடுக்கிறது. டக்வொர்த் லூயிஸ் போடலாமா?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

வேண்டாம். அது முறையான கிரிக்கெட்டின் ஸ்கோர்களை வைத்துக் கட்டிய அட்டவணை. மிச்சமுள்ள ஓவர், கையில் உள்ள விக்கெட் இரண்டையும் சேர்த்து ‘எவ்வளவு வளம் பாக்கி’ என்று பார்ப்பது. 8 ஓவரில் 10 விக்கெட் என்றால் விக்கெட்டுக்கு மதிப்பே வேறு. சராசரி ரன்ரேட் போட்டாலும் அநியாயம்தான்: 8 ஓவரில் 80 அடித்த அணியை, அதே 10 விக்கெட்டோடு 4 ஓவரில் 41 அடித்து ஜெயிக்கச் சொல்வது சேஸிங் அணிக்குக் கொடுக்கும் சலுகை. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1992 உலகக் கோப்பை அரையிறுதி இருக்கிறது. சிட்னியில் தென் ஆப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டது. மழை நின்று திரும்பி வந்தபோது 1 பந்தில் 21. டக்வொர்த் லூயிஸ் முறை பிறக்க அதுவே தூண்டுதல். 1997 ஜனவரியில் அது முதன்முதலாகப் பயன்பட்டது.

உங்களுக்கு வேண்டியது, ஆட்டம் தொடங்கும் முன் ஓவர் குறைக்கும் ஒரு சின்ன விதி. ஓவருக்கு 4 நிமிடம், 16 ஓவருக்கு 64, நடுவில் 6, ஆக 70 நிமிட ஸ்லாட். 20 நிமிடம் மழையில் போனால் 5 ஓவர் நஷ்டம். இரண்டு அணிக்கும் சமமாக வர 6 ஆக்குங்கள், அணிக்கு 3. 5 ஓவர் ஆட்டம். அதற்கும் கீழே போனால் ரத்து. முதல் பந்து போட்ட பிறகு மழை கொட்டி ஆட்டம் நின்றுவிட்டால் கணக்குப் போடாமல் ரிசர்வ் நாளில் முதலிலிருந்து ஆடுங்கள்.

ரிசர்வ் நாளைப் போட்டி முடிந்தபின் வைப்பதுதான் பொதுவான தவறு. கடைசிச் சுற்றுக்கு முன்பே வையுங்கள். பாக்கி ஆட்டங்கள் எல்லாம் தீர்ந்த பிறகே கடைசிச் சுற்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ‘எனக்கு எத்தனை ரன்ரேட் வேண்டும்’ என்று கையில் காகிதத்தோடு ஒரு அணி மட்டும் ஆடும். 5 ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு காலி என்று வைத்தால் மே மாதத்துக்குச் சரி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நடத்துவதாக இருந்தால் 4-க்கு ஒன்று.

12 கம்பெனி அணிகளின் கிரிக்கெட் லீக். 11 வாரம், 3 மைதானம் (சர்ஜாபுரம், எலஹங்கா, கனகபுரா சாலை), ஒவ்வொன்றிலும் காலை 7 மணி, 10.30 மணி என்று இரண்டு ஸ்லாட். பைத்தான் நிரல்மொழியில் ஓ.ஆர்.-டூல்ஸ் (நிபந்தனைகளைக் கொடுத்தால் தீர்வு தேடும் மென்பொருள், அதாவது சால்வர்) வைத்து எழுதினேன். அணிகள் கேட்டதையெல்லாம் போட்டதும் ‘தீர்வு இல்லை’ என்று நிற்கிறது. எங்கே தேடுவது?
— வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

நிரலில் தேடும் முன் காகிதத்தில் தேடுங்கள். ‘எங்களுக்குக் காலை ஸ்லாட் (7 மணி) மட்டும்’ என்று எத்தனை அணி கேட்டது? மூன்றுக்கு மேல் என்றால் தீர்வு கிடையாது. கணக்கு இது: காலை ஆட்டம் வாரத்துக்கு 3, 11 வாரத்துக்கு 33. நாலு அணிகள் காலை மட்டும் ஆடினால், தங்களுக்குள் 6 ஆட்டம், மற்ற 8 அணிகளோடு 32, ஆக 38 ஆட்டம் காலையில் நடக்க வேண்டும். 33-க்குள் 38 போகாது. மூன்று அணி என்றால் 3 + 27 = 30, அடங்கும். இந்த மாதிரி எண்ணிக்கை முரணை நிரூபிக்க சால்வர் சில சமயம் மணிக்கணக்கில் திணறும், உங்களுக்கு இரண்டு நிமிடம்.

மீறவே முடியாதவை மூன்றுதான்: ஒவ்வொரு ஜோடியும் ஒருமுறை, ஒரு அணி வாரத்துக்கு ஒருமுறை, ஒரு ஸ்லாட்டில் ஒரே ஆட்டம். மற்றதெல்லாம் விருப்பம். விருப்பங்களை மீறினால் அபராதப் புள்ளி என்று எழுதுங்கள், தடையாக எழுதாதீர்கள். ஒவ்வொரு அணிக்கும் காலை ஸ்லாட் 5 அல்லது 6, ஒவ்வொரு மைதானமும் 3 அல்லது 4 முறை, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து எலஹங்கா போக வேண்டிய அணிக்கு அது 7 மணி ஆட்டமாக அடுத்தடுத்த வாரம் வராமை, இப்படி. அபராதத்தின் கூட்டுத்தொகையை மட்டும் குறைத்தால் எல்லா அசௌகரியத்தையும் பேசத் தெரியாத ஒரே அணியின் தலையில் சால்வர் கொட்டிவிடும். மிகவும் பாதிக்கப்பட்ட அணியின் அபராதத்தை முதலில் குறையுங்கள், அப்புறம் மொத்தத்தை.

66 ஆட்டம் × 11 வாரம் × 6 ஸ்லாட் என்றால் 4,356 மாறிகள் (சால்வர் ஆம், இல்லை என்று முடிவெடுக்க வேண்டியவை). ஓடும், ஆனால் எழுந்து போய்க் காபி குடிக்கலாம். 12 அணிகளுக்கு, பெயர் மாற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்த பிறகும், 52,69,15,620 விதமான சுற்று அமைப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தேட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. யார் யாரோடு எந்த வாரம் என்பதை ஆஸ்டின் டவுன் வாசகருக்குச் சொன்ன வகுத்தல் விதியால் (11-ஆல் வகுத்து, 12-ஆம் அணி ஓய்வு அணியோடு) உறைய வைத்துவிட்டு, மைதானத்தையும் ஸ்லாட்டையும் மட்டும் சால்வரிடம் விடுங்கள். மாறிகள் 396 ஆகச் சுருங்கும். விடை பிடிக்கவில்லையென்றால் வாரங்களைக் கலைத்து மறுபடி ஓட்டலாம்.

நடுவில் ஒரு மைதானம் கைவிட்டுப் போனால் முதலிலிருந்து ஓட்டாதீர்கள். முடிந்த ஆட்டங்களையும் அறிவித்துவிட்ட அடுத்த இரண்டு வாரத்தையும் பூட்டிவிட்டு, ‘பழைய அட்டவணையிலிருந்து எத்தனை ஆட்டம் நகர்ந்தது’ என்பதற்கு அதிக அபராதம் வைத்து ஓட்டுங்கள். லீவு சொல்லி வைத்தவர்கள் உங்களைத் திட்ட மாட்டார்கள். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அட்டவணையை ஹென்றி, ஹாலி ஸ்டீவன்சன் என்ற தம்பதிதான் 1980-களின் தொடக்கம் முதல் 2004 வரை போட்டுக் கொடுத்தார்கள். இத்தனை கால்குலேட்டர் யுகத்திலும் அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டதற்குக் காரணம் இந்த ‘பிடிக்கும், பிடிக்காது’ சமாச்சாரம்தான்.

குழுவின் கடைசி ஆட்டத்தில் இரண்டு அணிகள் பேசி வைத்துக்கொண்டு டிரா செய்தார்கள். இருவரும் உள்ளே, நாங்கள் வெளியே. அட்டவணையால் இதைத் தடுக்க முடியுமா?
— வாசகர், அல்சூர்

பெருமளவு முடியும். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஹிஹோன் நகரில் மோதியபோது, முதல் நாளே தன் ஆட்டத்தை முடித்திருந்த அல்ஜீரியா கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனி 1–0 என்று ஜெயித்தால் ஐரோப்பிய அணிகள் இரண்டும் உள்ளே. 10-ஆம் நிமிடம் கோல் விழுந்தது, அப்புறம் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். 1986 முதல் குழுவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். 2026-க்கு 3 அணிகள் கொண்ட 16 குழு என்று முதலில் போட்ட திட்டத்தை 2023-இல் கைவிட்டு, 4 அணிகள் கொண்ட 12 குழு ஆக்கியதற்கும் இந்தப் பயம் ஒரு காரணம். மூன்று பேர் குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஒருவர் சும்மாதான் உட்கார வேண்டும்.

ஒரே மைதானம் என்றால் ஒரே நேரத்தில் நடத்த வழியில்லை. அப்போது மைதானத்தைக் குறுக்காகப் பிரித்து, கடைசி நாள் மட்டும் இரண்டு சிறு மைதானமாக, ஆளுக்கு ஐந்து பேராக நடத்துபவர்கள் உண்டு. அது பிடிக்காவிட்டால் குழுவிலிருந்து ஒரே ஒரு அணிதான் மேலே போகும் என்று வையுங்கள். பேசி வைத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் லாபம் இருக்காது. மூன்று அணிக் குழு தவிர்க்க முடியாதென்றால், முதல் ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்திலும் இறங்கட்டும். முழுப் பாதுகாப்பு அல்ல, ஆனால் ஓட்டை சிறிதாகும்.

யார் யாரோடு மோதுவார் என்பது முன்கூட்டியே தெரிந்தால் வேண்டுமென்றே தோற்பதும் நடக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் பேட்மின்டன் இரட்டையரில் நாலு ஜோடிகளை அதற்காகத்தான் தகுதி நீக்கினார்கள். காலிறுதிக்கு யாருக்கு யார் என்ற குலுக்கலைக் குழு ஆட்டங்கள் முடிந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள்.

விறுவிறுப்புக்காக விதியில் கைவைப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். 1994 கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் கூடுதல் நேரத்தில் விழும் தங்க கோலுக்கு (முதலில் விழுந்து ஆட்டத்தை அத்தோடு முடிக்கும் கோல்) இரண்டு கோல் மதிப்பு என்று வைத்தார்கள். இரண்டு கோல் வித்தியாசம் தேவைப்பட்ட பார்படாஸ், 2–1 என்று முன்னிலையில் இருந்தபோது தன் வலைக்குள்ளேயே பந்தைப் போட்டு ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. ஒரே கோலில் தோற்றாலும் கிரெனடாவுக்குப் போதும். அதனால் மிச்ச நிமிடங்களில் கிரெனடா இரண்டு பக்க வலையில் எதில் வேண்டுமானாலும் கோல் போடப் பார்க்க, பார்படாஸ் வீரர்கள் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் காத்தார்கள். கடைசியில் தங்க கோல் போட்டு 4–2. விதிக்குள்தான் ஆடினார்கள்.

ஐ.பி.எல்.-இல் சி.எஸ்.கே. சில அணிகளோடு இரண்டு முறை, சில அணிகளோடு ஒருமுறை மோதுவது ஏன்? பெங்களூரில் இருந்துகொண்டு மஞ்சள் சட்டை போடுகிற எங்களுக்குச் சின்னசாமியில் எப்போது கிடைக்கும் என்று தெரிய வேண்டாமா?
— வாசகர், இந்திரா நகர்

10 அணிகள் இரண்டு முறை மோதினால் 90 லீக் ஆட்டம். 2022-இல் பத்து அணிகள் ஆனபோது 70 ஆக நிறுத்தினார்கள், அணிக்கு 14. அந்த வருட முறை இது: ஐந்து ஐந்தாக இரண்டு குழு. தன் குழுவில் உள்ள நாலு பேரோடு இரண்டு முறை (8), எதிர்க் குழுவில் தன் வரிசையில் உள்ள ஒருவரோடு இரண்டு முறை (2), மற்ற நாலு பேரோடு ஒருமுறை (4). இந்த முறையில் நடக்கும் வருடத்தில், ஆர்.சி.பி. உங்கள் குழுவிலோ வரிசையிலோ இருந்தால் சென்னையிலும் பெங்களூருவிலும் ஒவ்வொரு ஆட்டம். இல்லாவிட்டால் அந்த ஒரே ஆட்டத்தை நடத்தும் உரிமை இருவரில் ஒருவருக்குத்தான். குழுப் பட்டியல் வந்ததும் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டுக்கு அலாரம் வையுங்கள்.